ஆறு நாளில் ஐந்து வெற்றி. எட்டு ஆண்டில் முப்பத்தேழு தோல்வி
(ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தின் கால்பந்துக் கதை)

மலர்க் குழு நண்பர்கள் "இந்தத் தடவை விளையாட்டைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் சார்" என்று கேட்டார்கள். நம் கல்லூரியின் விளையாட்டுப் பெருமைகளை எழுத என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள். கோப்பைகளைத் தூக்கிய கைகள் அவர்களுடையவை. கைதட்டிய கை மட்டுமே என்னுடையது. ஆகவே நான் வேறொரு கல்லூரியின் கதையைச் சொல்லப் போகிறேன். கடல் கடந்த ஊர், நமக்குப் பழக்கமில்லாத ஆட்டம். ஆனால் படித்து முடித்ததும், "அட, இது நம்ம எல்லோருக்கும் உள்ள பிரச்சினைதானே!" என்று உங்களுக்குத் தோன்றினால் எனக்குத் திருப்தி.

ஆங்கில இலக்கியம் படித்த நண்பர்களுக்கு ‘சுவானீ ரிவ்யூ’ என்ற இலக்கியக் காலாண்டிதழ் நினைவிருக்கலாம். 1892-ல் தொடங்கி இடைவிடாமல் வந்துகொண்டிருக்கும் பத்திரிகை அது. அதை நடத்துகிற கல்விச்சாலையின் முறையான பெயர் ‘யூனிவர்சிட்டி ஆஃப் தி சவுத்’. தமிழில் சொன்னால் தென்னகப் பல்கலைக்கழகம்! ஆனால் ஊர்ப் பெயரான சுவானீ என்றுதான் எல்லோரும் அழைப்பார்கள். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில், கம்பர்லண்டு மேட்டு நிலத்தில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,000 அடி உயரத்தில், காட்டுக்கு நடுவே இருக்கிறது. பெயர்தான் பெரிசு. இன்றைக்கும் மாணவர் தொகை சுமார் 1,700தான். நம் ஊர்க் கலைக் கல்லூரிகளில் பல இதைவிடப் பெரியவை.

பிறந்த கதை

இந்தப் பல்கலைக்கழகத்தை நிறுவத் தீர்மானித்தது 1857-ல். எபிஸ்கோபல் திருச்சபையைச் சேர்ந்த தென் மாநில பிஷப்புகள் கூடி முடிவெடுத்தார்கள். 1860-ல் அடிக்கல் நாட்டினார்கள். மறு ஆண்டே உள்நாட்டுப் போர் மூண்டது. 1863-ல் அந்த வழியாக வந்த வடக்குப் படையினர் அடிக்கல்லையே தகர்த்துவிட்டுப் போனார்கள்.

இங்கே ஒரு உண்மையை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த பிஷப்புகளில் முக்கியமானவரான லியோனிடாஸ் போல்க், அடிமைகளைச் சொத்தாக வைத்திருந்தவர். போர் வந்ததும் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, அடிமை முறைக்காகப் போரிட்ட தெற்குப் படையில் தளபதியானார். பல்கலைக்கழகத்தின் பிறப்பே அடிமைச் செல்வத்தோடு பின்னிக் கிடந்தது. இதை அந்தப் பல்கலைக்கழகமே 2017-ல் ஒரு ஆய்வுத் திட்டம் அமைத்து ஆராயத் தொடங்கியது. பழைய பெருமை பேசும்போது பழைய கணக்கையும் பார்க்கத்தானே வேண்டும்?

போர் முடிந்தபின் இங்கிலாந்தில் நன்கொடை திரட்டி வந்து, 1868-ல் வகுப்புகளைத் தொடங்கினார்கள். ஆசிரியர்கள் நான்கு பேர். மாணவர்கள் ஒன்பது பேர். ஆக்ஸ்போர்டு பாணியில், நன்றாகப் படிக்கும் மாணவர்கள் கறுப்பு அங்கி அணிந்து வகுப்புக்கு வரும் பழக்கம் அங்கே ஏற்பட்டது. இன்னொரு விசேஷமும் உண்டு. மலை குளிர்ச்சியான இடம் என்பதால் அந்தக் காலத்தில் நீண்ட விடுமுறையைக் குளிர்காலத்தில் விட்டார்கள். கோடையில் வகுப்பு நடந்தது. மற்ற கல்லூரிப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் வீட்டில் இருந்தபோது, சுவானீ மாணவர்கள் மைதானத்தில் இருந்தார்கள். இந்தச் சின்ன வேறுபாடு பின்னால் பெரிய பலன் தந்தது.

அது என்ன ஆட்டம்?

அமெரிக்கக் கால்பந்து என்றால் நம்ம கால்பந்து அல்ல. ரக்பியிலிருந்து பிறந்த ஆட்டம். இரு முனையும் கூரான பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, எதிரணிச் சுவரை முட்டி மோதிப் பிளந்துகொண்டு ஓட வேண்டும். சடுகுடுவில் பாடி வருபவரைப் பிடித்து அமுக்குவார்களே, அதுபோல பந்தைக் கொண்டு வருபவரை அமுக்குவார்கள். அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையே இதன் முதல் ஆட்டம் 1869-ல் ரட்கர்ஸுக்கும் பிரின்ஸ்டனுக்கும் நடந்தது என்று கணக்கு. சுவானீ அணி 1891-ல் பிறந்தது. முதல் எதிரி பக்கத்து நாஷ்வில் நகரத்து வான்டர்பில்டு பல்கலைக்கழகம். பங்காளிச் சண்டை மாதிரி ஒரு போட்டி அன்றைக்கே தொடங்கிவிட்டது.

1899-ல் இருந்த விதிகள் இன்றைக்கு இருப்பவை அல்ல. பந்தை முன்னால் எறிந்து கொடுக்கக் கூடாது (அந்த அனுமதி 1906-ல்தான் வந்தது). மூன்று முயற்சிக்குள் ஐந்து கஜம் முன்னேற வேண்டும். இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எல்லையைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் 5 புள்ளி; அதன் பின் உதைத்து கோல் போட்டால் 1 புள்ளி. விதிப்படி ஆட்ட நேரம் முப்பத்தைந்து நிமிடம் வீதம் இரண்டு பாதி. வெளியே போனவர் அந்த ஆட்டத்தில் மறுபடி உள்ளே வர முடியாது. ஆகவே பதினோரு பேரும் தாக்குவது, தடுப்பது இரண்டையும் அவர்களே செய்ய வேண்டும். இன்றைக்கு உள்ள தலைக்கவசமோ உடல்கவசமோ கிடையாது. கும்பலாகச் சேர்ந்து ஒரே இடத்தில் மோதுவதுதான் உத்தி. கை கால் முறிவது சர்வ சாதாரணம். சாவும் உண்டு. 1905-ல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே பெரிய பல்கலைக்கழகக்காரர்களைக் கூப்பிட்டு, "ஒழுங்காக ஆட வழி செய்யுங்கள்" என்று சொல்ல வேண்டி வந்தது.

இருபது வயது மேனேஜர்

1899-ல் சுவானீ அணிக்குக் கேப்டன் ஹென்றி சைபெல்ஸ். கோச், பிரின்ஸ்டனில் ஆடிய பில்லி சூட்டர். ஆனால் அந்த வருஷக் கதையின் சூத்திரதாரி மைதானத்தில் இறங்காத ஒருவர். அவர்தான் மேனேஜர் லூக் லீ. அவரும் மாணவர்தான். வயது இருபது.

அணிக்கு அன்று பணமுடை. வான்டர்பில்டோடு ஆடும் ஆட்டத்தில்தான் நல்ல வசூல் கிடைக்கும். ஆனால் வசூலைப் பங்கு பிரிப்பதில் தகராறு வந்து அந்த ஆட்டமே நின்றுபோனது. லூக் லீ உட்கார்ந்து யோசித்தார். ஒரு ஆட்டம் போனால் என்ன? ரயிலேறிப் போய், ஊர் ஊராக ஆடி, வழிநெடுக வசூல் செய்தால்? சர்க்கஸ் கம்பெனிக்காரர் போடுகிற கணக்கு! கடிதம் எழுதினார், தந்தி அடித்தார், தேதி வாங்கினார். டெக்சாஸ் வரைக்கும் போய்த் திரும்புகிற பயணம். சுமார் 2,500 மைல், அதாவது நம் கணக்கில் 4,000 கிலோமீட்டர். ஆறு நாளில் ஐந்து ஆட்டம்.

நம் கல்லூரி டீம் ஒரு ஜோனல் மேட்சுக்கு வெளியூர் போய்வந்தால் எத்தனை நாள் கால் வலி, எத்தனை பேருக்கு வயிற்றுக் கோளாறு என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பயத்தில்தானோ என்னவோ, சுவானீ அணி தன் ஊர் ஊற்றுத் தண்ணீரையே பீப்பாயில் நிரப்பிக் கூடவே எடுத்துக்கொண்டு போனது என்பார்கள். தண்ணீரை ஏற்றியவர்கள் ஆட்டக்காரர்களின் ஷூக்களை ஏற்ற மறந்துவிட்டார்கள் என்றும், லூக் லீ வழியில் தந்தி கொடுத்து அடுத்த ரயிலில் வரவழைத்தார் என்றும் ஒரு கதை அங்கே பரம்பரையாகச் சொல்லப்படுகிறது.

அந்த ரயில் பெட்டியில் கேல் பர்ரோஸ் என்ற கறுப்பினத்தவரும் இருந்தார். அவர்தான் அணியின் பயிற்சி உதவியாளர். ஒவ்வொரு ஆட்டமும் முடிந்து, அடிபட்டு வீங்கி வரும் பிள்ளைகளுக்கு உடம்பு பிடித்துவிட்டு, அடுத்த நாள் ஆட்டத்துக்குத் தயாராக்கியவர். அவர் தேய்த்துவிட்ட கால்கள் ஓடின. ஆனால் அவர் இனத்துப் பிள்ளை ஒருவர்கூட அன்றைக்கு அந்தக் கல்லூரியில் படிக்க முடியாது. அந்தக் கதவு திறக்க 1960-கள் வரை ஆயிற்று.

அந்த ஆறு நாள்

நடந்ததைச் சுருக்கமாகத் தருகிறேன். வருஷம் 1899, மாதம் நவம்பர்.

9, வியாழன்: ஆஸ்டின் நகரில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தை 12–0 என வென்றது.
10, வெள்ளி: ஹூஸ்டனில் டெக்சாஸ் ஏ அண்டு எம் கல்லூரியை 10–0.
11, சனி: நியூ ஆர்லியன்ஸில் டுலேனை 23–0.
12, ஞாயிறு: ஓய்வு. (பாதிரிமார் நடத்தும் கல்லூரி ஆயிற்றே!)
13, திங்கள்: பேட்டன் ரூஜில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தை 34–0.
14, செவ்வாய்: மெம்ஃபிஸில் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தை 12–0.

ஐந்து ஆட்டம், ஐந்து வெற்றி. எதிரணிகள் எல்லாம் சேர்ந்து எடுத்த மொத்தப் புள்ளி பூஜ்யம்! பகலில் மைதானம், இரவில் ரயில் என்று உருண்டுகொண்டே இதைச் செய்தார்கள். இந்த ஐந்து பெயர்களும் இன்று அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் எப்பேர்ப்பட்ட பெயர்கள் என்பது அமெரிக்காவில் இருக்கும் நம் பழைய மாணவர்களுக்குத் தெரியும். டெக்சாஸ், ஏ அண்டு எம், லூசியானா மூன்றின் ஸ்டேடியங்களும் ஒவ்வொன்றும் ஒரு லட்சம் பேர் உட்காரக்கூடியவை. சுவானீயின் இன்றைய மாணவர்கள் எல்லோரையும் அங்கே உட்கார வைத்தால் ஒரு மூலை நிறையாது.

அந்தப் பருவம் முழுவதும் சுவானீ பன்னிரண்டு ஆட்டம் ஆடிப் பன்னிரண்டையும் வென்றது. எடுத்த புள்ளி 322. கொடுத்த புள்ளி 10. அந்தப் பத்தையும் எடுத்தது ஒரே அணி, ஆபர்ன். நவம்பர் 30 அன்று மான்ட்கோமரியில் நடந்த அந்த ஆட்டம் 11–10 என்று மயிரிழையில் முடிந்தது. ஆபர்னின் கோச் ஜான் ஹைஸ்மன். ஆண்டுதோறும் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குத் தருகிறார்களே ஹைஸ்மன் கோப்பை, அது இவர் பெயரில்தான். தோல்வியை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நடுவர் சரியில்லை என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். "அம்பயர் அவுட்" என்பது எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் உள்ளதுதான் போலிருக்கிறது! இரண்டே நாள் கழித்து, டிசம்பர் 2-ல் அட்லாண்டாவில் வட கரோலினாவை 5–0 என வென்று பருவத்தை முடித்தார்கள்.

பின்னால் அவர்கள்

அந்தப் பிள்ளைகள் பிறகு என்ன ஆனார்கள்? இதைத்தான் நான் ஆவலாகத் தேடினேன். பழைய மாணவர் மலரில் எழுதுகிறவனுக்கு வேறென்ன ஆவல் இருக்கும்?

மேனேஜர் லூக் லீ 1907-ல் நாஷ்வில்லில் ‘டென்னசியன்’ பத்திரிகையைத் தொடங்கினார். 1911 முதல் 1917 வரை அமெரிக்க செனட்டில் உறுப்பினர். முதல் உலகப் போரில் கர்னல். போர் முடிந்து ஜெர்மன் சக்கரவர்த்தி கைசர் ஹாலந்தில் தஞ்சம் புகுந்திருந்தபோது, 1919 ஜனவரியில் சில ஆட்களோடு காரில் போய் அவரைத் தூக்கி வந்துவிடப் பார்த்தார்! மாளிகை வரைக்கும் போய்விட்டார்கள், காரியம் பலிக்கவில்லை. ராணுவம் கண்டித்ததோடு விட்டது. 2,500 மைலுக்கு ஆறு நாளில் மேட்ச் போட்ட ஆள் அல்லவா, அதே மூளைதான். ஆனால் அதே மனிதர் 1930-களில் வங்கி மோசடி வழக்கில் சிறைக்கும் போனார். பிறகு மன்னிப்புக் கிடைத்தது.

ஆட்டக்காரர் வில்லியம் கிளேபர்ன், ‘முரட்டு பில்’ என்று பெயர் வாங்கியவர். மைதானத்தில் அவரைக் கண்டால் எதிரணி நடுங்கும். அவர் பின்னால் பாதிரியாராகி, அதே மலையில் ஏழை ஜனங்களுக்குப் பள்ளி, வைத்தியம் என்று வாழ்நாளைக் கழித்தார். கேப்டன் சைபெல்ஸ் 1973-ல் கல்லூரிக் கால்பந்துப் புகழ் மன்றத்தில் இடம்பெற்றார்.

ஆர்மண்டு சிம்கின்ஸ் என்ற இன்னொருவர் இருந்தார். அணியின் பெரிய பலம். முழங்கால் காயத்தைக் கட்டிக்கொண்டே ஆடியவர். பிற்காலத்தில் இரண்டு கால்களையும் இழந்தார். மைதானத்தில் பட்ட காயங்கள்தான் காரணம் என்று குறிப்புகள் சொல்கின்றன. 322–10 என்று நாம் உற்சாகமாகச் சொல்கிற கணக்கில் அந்த இரண்டு கால்களும் சேர்ந்திருக்கின்றன.

ஏறின வேகம், இறங்கின வேகம்

1899-க்குப் பிறகும் பத்து வருஷம் போல சுவானீ கொடி பறந்தது. 1909-ல் வான்டர்பில்டைத் தோற்கடித்துத் தெற்கின் சாம்பியன் என்று பெயர் வாங்கியது. அதற்குப் பிறகு காலம் மாறியது. மாநில அரசுகளின் பல்கலைக்கழகங்கள் ஆயிரக்கணக்கில் மாணவர்களைச் சேர்த்தன. 1920-களில் சிமென்ட் ஸ்டேடியங்கள் எழும்பின. டிக்கெட் வசூல் கொட்டியது. நல்ல ஆட்டக்காரன் எந்த ஊரில் இருந்தாலும் தேடிப் போய்ப் பணமும் இடமும் கொடுத்துச் சேர்க்க ஆரம்பித்தார்கள். மலை மேல் சில நூறு பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்த சுவானீ என்ன செய்யும்?

விட்டுக்கொடுக்கவும் மனசு வரவில்லை. 1932 டிசம்பரில் பதின்மூன்று கல்வி நிறுவனங்கள் சேர்ந்து ‘தென்கிழக்கு மாநாடு’ என்ற போட்டி அமைப்பை உருவாக்கின. அலபாமா, ஜார்ஜியா, டென்னசி, புளோரிடா என்று பெரிய தலைகள் எல்லாம் உண்டு. அந்தப் பட்டியலில் சுவானீயும் இருந்தது. பழைய பெருமை அப்படி!

விளைவு என்ன தெரியுமா? 1933 முதல் 1940 வரை எட்டுப் பருவம். அந்த அமைப்புக்குள் சுவானீ ஆடிய ஆட்டம் 37. வெற்றி பூஜ்யம். ஒரு டிராகூடக் கிடையாது. முப்பத்தேழும் தோல்வி. லூசியானாவை 34–0 என்று அடித்த கல்லூரிதான் இது. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள், தோற்கப் போகிறோம் என்று தெரிந்தே சனிக்கிழமை சனிக்கிழமை மைதானத்தில் இறங்கினார்கள். 1899 அணியைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறார்கள், ஆவணப் படம் எடுக்கிறார்கள். இந்த முப்பத்தேழு ஆட்டம் ஆடிய பிள்ளைகளைப் பற்றி யார் எழுதினார்கள்? எனக்கென்னவோ இவர்கள் மேலும் ஒரு தனிப் பிரியம்.

ஒரு முடிவு

1938-ல் அலெக்சாண்டர் கெரி துணைவேந்தராக வந்தார். சுவானீயின் பழைய மாணவர்தான், 1910-ல் பட்டம் பெற்றவர். அவர் முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, கடன் வாங்கியாவது ஆட்டக்காரர்களைப் பணம் கொடுத்துச் சேர்ப்பது. மற்றது, ஆட்டத்தையே நிறுத்துவது.

இரண்டாவது வழியைச் சிகாகோ பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்தது. சிகாகோவும் ஒரு காலத்தில் பெரிய கால்பந்து சக்திதான். 1935-ல் முதல் ஹைஸ்மன் கோப்பையை வாங்கியவரே சிகாகோ மாணவர் ஜே பெர்வாங்கர். ஆனால் தோல்வி மேல் தோல்வி வரவே, அதன் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் 1939 டிசம்பரில் கால்பந்தை அடியோடு எடுத்துவிட்டார். (நம்முடைய எஸ். சந்திரசேகர், பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர், அப்போது அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் குழுவில் இருந்தார்.) ஆட்டம் நின்றுபோன அந்த ஸ்டேடியத்தின் மேற்குப் படிக்கட்டுகளுக்கு அடியில்தான் 1942 டிசம்பர் 2 அன்று என்ரிகோ ஃபெர்மி குழுவினர் உலகின் முதல் கட்டுப்படுத்திய அணுத் தொடர்வினையை நடத்திக் காட்டினார்கள்.

கெரி மூன்றாவதாக ஒரு வழி கண்டார். ஆட்டத்துக்காக யாருக்கும் உதவித்தொகை கொடுப்பதில்லை. படிக்க வந்த பிள்ளைகளில் ஆட ஆசைப்படுகிறவர்கள் ஆடட்டும். நம் அளவுள்ள கல்லூரிகளோடு ஆடுவோம். 1940 டிசம்பரில் சுவானீ அந்தப் பெரிய அமைப்பிலிருந்து தானாக விலகியது. அணியைக் கலைக்கவில்லை.

அன்றைக்குப் பழைய மாணவர்களில் எத்தனை பேர் பொருமியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். "நாங்கள் படித்த காலத்தில்..." என்று தொடங்குகிற வாக்கியம் எல்லா மொழியிலும் உண்டு. 1899-ல் கைதட்டியவர்கள் பலர் அன்று உயிரோடு இருந்தார்கள். அவர்கள் முகத்துக்கு நேரே "இனி நாம் பெரிய அணி அல்ல" என்று சொல்ல ஒரு துணைவேந்தருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அதுவும் தானே அவர்களில் ஒருவராக இருந்துகொண்டு.

அதற்குப் பிறகு

முடிவு வீண் போகவில்லை. 1957-ல் ஷெர்லி மேஜர்ஸ் என்பவர் கோச்சாக வந்தார். (பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஆண்தான்.) அதற்கு முன் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். இருபத்தொரு பருவம், 1977 வரை, சுவானீயிலேயே இருந்தார். உதவித்தொகை வாங்காத பிள்ளைகளை வைத்துக்கொண்டு 1958-லும் 1963-லும் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் பருவத்தை முடித்தார். அவர் மகன் ஜானி மேஜர்ஸ் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கோச்சாக 1976-ல் தேசிய சாம்பியன் பட்டமே வாங்கினார். மகன் லட்சம் பேர் பார்க்கிற ஆட்டத்தில். அப்பா மலை மேல் சில நூறு பேர் பார்க்கிற ஆட்டத்தில். தொழில் ஒன்றுதான்.

1962-ல் சுவானீயும் அதே கொள்கை உள்ள சில கல்லூரிகளும் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு சிறிய போட்டி அமைப்பை ஏற்படுத்தின. 1973-ல் தேசிய விளையாட்டுக் கழகமே கல்லூரிகளை மூன்று பிரிவாகப் பிரித்தபோது, மூன்றாம் பிரிவுக்கு விதி என்ன தெரியுமா? விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. கெரி 1940-ல் தனியாக எடுத்த முடிவு, முப்பத்து மூன்று வருஷம் கழித்து நூற்றுக்கணக்கான கல்லூரிகளின் விதியாயிற்று. இடையில் 1969-ல் பெண்களும் சுவானீயில் சேர்ந்தார்கள். 2020-ல் ரூபன் பிரிகெட்டி என்ற கறுப்பினத்தவர் முதன்முதலாகத் துணைவேந்தரானார். கேல் பர்ரோஸ் ரயிலில் போன நாளிலிருந்து நூற்று இருபத்தொரு வருஷம்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். சுவானீ விட்டு வந்த அந்தத் தென்கிழக்கு மாநாடு இன்று பணக்கடல். 2021 முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்றாயிற்று. 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட உடன்பாட்டின்படி, ஒரு பல்கலைக்கழகம் தன் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகவே முதல் ஆண்டில் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை கொடுக்கலாம். இதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. ஸ்டேடியம் நிறைய வசூல் செய்துவிட்டு, உடம்பைப் பணயம் வைக்கிற பிள்ளைக்கு ஒன்றும் கொடுக்காமல் இருந்ததுதான் தப்பு. சிம்கின்ஸின் கால்களுக்கு யார் என்ன கொடுத்தார்கள்?

ஆகவே சுவானீ பணத்தை வெறுத்த சந்நியாசி, மற்றவர்கள் பேராசைக்காரர்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1899-ன் அந்தப் புகழ் பெற்ற பயணமே வசூலுக்காகத்தானே? சுவானீ செய்தது வேறு. தன் அளவு என்ன என்று பார்த்தது. அந்த அளவுக்குள் ஆட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டது. தோற்றுத் தோற்று வெறுத்துப்போய் மைதானத்துக்குப் பூட்டுப் போட்டுவிடவில்லை.

நமக்கு

நம்மைப் போன்ற கல்லூரிகளிலும் இதே கேள்வி வருகிறது. ‘ஸ்போர்ட்ஸ் கோட்டா’வில் நாலு பேரைச் சேர்த்துக் கோப்பை வாங்குவதா? இல்லை, சாயங்காலம் மைதானத்துக்கு வருகிற நாற்பது பேருக்கு நல்ல பந்தும் ஒரு கோச்சும் கொடுப்பதா? இரண்டும் வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்வோம். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்று வரும்போதுதான் நம் உண்மையான எண்ணம் வெளிப்படும். பழைய மாணவர் சங்கம் நன்கொடை திரட்டும்போது கோப்பை அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு போடலாமா, மைதானத்துக்குத் தண்ணீர்க் குழாய் போடலாமா என்று இந்தக் கூட்டத்திலேயே ஒரு வார்த்தை பேசலாம். என் ஓட்டு குழாய்க்கு.

மாணவச் செல்வங்களுக்கு ஒன்று. அலமாரியில் இருக்கும் எங்கள் காலத்துக் கோப்பைகளைப் பார்த்து நீங்கள் மலைக்கவும் வேண்டாம், நாங்கள் அவற்றைக் காட்டி உங்களைக் குறை சொன்னால் பொருட்படுத்தவும் வேண்டாம். சுவானீயில் இன்றும் பருவம் வந்தால் பிள்ளைகள் ஊதாச் சட்டை போட்டுக்கொண்டு அதே மலையில் ஆடுகிறார்கள். காலையில் வகுப்பு, மாலையில் ஆட்டம். டெக்சாஸை ஜெயிக்கப் போவதில்லை என்று அவர்களுக்குத் தெரியும். அடுத்த சனிக்கிழமை வருகிற பக்கத்து ஊர்க் கல்லூரியை ஜெயிக்க முடியுமா என்பதுதான் அவர்கள் கவலை. அந்தக் கவலை உங்களுக்கும் வர வேண்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.